நெற்றிமேல் மாதுளம்பூ

சாரத்தின் மேல் நின்று கோயில் சுவரோவியத்தின் கடைசிக் கொடிக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருந்தான் அர்சேனி. கீழே தரை தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது.

குனிந்து பார்த்தான். துடைக்க வந்த உஸ்தீன்யா வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணாந்து நின்றிருந்தாள்.

“தம்பி, அந்தக் கிழவர் எத்தனை விரலால கும்பிடறாரு?”

அர்சேனி சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

சுவர் முழுக்கச் சொர்க்கத் தோட்டம். பழைய மாஸ்கோக் கோயில்களில் இருந்த மாதிரியே வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கொடிக்கும் மாதுளைக்கும் பெண்முகப் பறவைகளுக்கும் நடுவே புண்ணியவான்கள் வரிசையாக உள்ளே போகிறார்கள். அதில் ஒரு கிழவர் மட்டும் மூன்று விரலைக் கூட்டி நெற்றியில் வைத்துச் சிலுவை போடுகிறார்.

இந்தச் சபையார் பழைய முறையை விடாத கிறிஸ்தவர்கள்; சிலுவை போட இவர்களுக்கு இரண்டு விரல்தான். அந்த இரண்டு விரலுக்காக இருநூற்றைம்பது வருஷம் அடிபட்டு, ஊர்விட்டு ஓடி, தீயில் வெந்த கூட்டம். இப்போதுதான் ஜார் மன்னர் மனமிரங்கி, கோயில் கட்டிக்கொள்ள விட்டிருக்கிறார்.

அர்சேனியோ அரசாங்கத் திருச்சபையைச் சேர்ந்த மூன்று விரல்காரன். கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

சபைப் பெரியவர்கள் பார்வையிட வரும் நேரம். கண்ணில் பட்டால் சுவரையே கொத்திப் போடுவார்கள். அப்புறம் இந்தச் சபையில் எவனும் அவனை வாசலில்கூட ஏற்றமாட்டான்.

“சுரண்டிடறேன் அக்கா, சத்தம் போடாதீங்க!” கத்தியை எடுத்தான்.

“ஐயோ, சுரண்டாதப்பா! தழும்பு தெரியும். மேல ஒரு பூவை வை.”

அள்ளிக் குழைத்த சிவப்பில் அந்த விரல்களை மறைத்து ஒரு மாதுளம்பூ மலர்ந்தது. கிழவர் தோட்டத்துப் பூவை நெற்றியில் ஒற்றிக்கொள்வதுபோல் ஆகிவிட்டது.

பெரியவர்கள் வந்தார்கள். எதிலும் நொட்டை சொல்லும் மர வியாபாரி தெரென்தி அந்தக் கிழவரிடம்தான் ரொம்ப நேரம் நின்றார்.

“பூவை எப்படிப் போட்டிருக்கான் பாருங்கய்யா!” என்று தாடியை நீவிக்கொண்டே போனார்.

அர்சேனி இறங்கி ஓடிவந்து உஸ்தீன்யாவின் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“உங்களாலதான் பிழைச்சேன் அக்கா.”

“நான்தாம்ப்பா உனக்கு நன்றி சொல்லணும். எங்க வீட்டுக்காரர் உங்க ஆளு. சாகற வரைக்கும் மூணு விரல்தான். அவர் பேரைச் சொல்லி இங்க ஒரு மெழுகுவத்தி ஏத்தக்கூட விடமாட்டாங்க.”

அவள் பூவைப் பார்த்தாள்.

“இப்ப உள்ள வந்துட்டாருல்ல.”