கத்தரியில் விழுந்த தேமல்

தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்புச் சத்தத்தில் எழுந்தேன். தேத்தண்ணி குடித்தேன். லயத்து வீட்டுக்குப் பின்னால் என் மனைவி பவுலின் நட்ட கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு பள்ளிக்கூடம். அவள் இறந்த பிறகு தினமும் இதுதான்.

அன்று இலைகளில் மஞ்சள் தேமல் விழுந்திருந்தது. வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. மாலையில் விவசாயப் போதனாசிரியர் இராயப்பனை அழைத்து வந்தேன்.

"வைரஸ், மாஸ்டர். பிடுங்கி எரிச்சிருங்க."

"அவ வச்சதுங்க. வேற வழி இல்லையா?"

"இல்ல. இது புகையில பொழங்குற கையில இருந்து ஒட்டுறது. பீடி குடிப்பீங்களா?"

"தொட்டதே இல்ல."

"அப்ப வேற யாரோ தொட்டிருக்காங்க."

"செடியக் கெடுக்கவா?"

அவர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"கெடுக்க வந்தவங்க மண்ணு அணைச்சு, பழுத்த இலையக் கிள்ளி விடுவாங்களா? நீங்கதான் செய்றீங்கன்னு நெனச்சேன்."

நான் தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

எதிர் லயத்து வாசலில் மாமியார் மரியநாயகி புகையிலையைக் கசக்கி வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணத்திலிருந்தே என்னோடு பேசியதில்லை.

செடிகளைப் பிடுங்கி எரித்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, பக்கத்துப் பாத்தியில் புதுக் கத்தரி நாற்றுகள் நின்றன. வாளியில் தண்ணீர் நிரப்பி, பக்கத்தில் கை கழுவ ஒரு சவுக்காரத் துண்டை வைத்தேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பவுலின் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"அம்மா உங்ககூடப் பேச மாட்டாங்க. ஆனா தனியா விட மாட்டாங்க."