இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர்

ஆலங்காயத்துக்கு இறங்கும் மலைப்பாதையின் மூன்றாவது வளைவில், வெற்றிவேலின் புதுக் கார் இடப்பக்கம் நசுங்கிப் பாறையோடு ஒட்டி நிற்கிறது. பிரேக் பிடிக்காமல் போக, பள்ளத்துக்குப் பயந்து அவன்தான் அந்தப் பக்கம் ஒடித்தான். உச்சி வெயிலில் பிரேக் கருகிய நாற்றம் இன்னும் அடங்கவில்லை. சக்கரத்தில் காலையில் வைத்த அமாவாசைக் குங்குமம் அழியாமல் இருக்கிறது. பழைய ஜீப் இருந்தவரை, அமாவாசைக்கு அமாவாசை பூசைக்கு முன்னால் நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுவான். "இன்னிக்கி கயட்டலயா?" என்று காலையில்கூட ஆனந்தி கேட்டாள். "அதெல்லாம் பழைய வண்டிக்கு. இதுல எதுனா ஆச்சுன்னா அதுவே சொல்லும்" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தான். இப்போது பக்கத்து இருக்கையில் அவள் தலை கவிழ்ந்திருக்கிறாள். மடி நிறையக் கண்ணாடிச் சில்லுகள் உப்புக்கல்லாய் மின்னுகின்றன. பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்த கண்டக்டர், அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு மெல்ல எடுத்துக்கொள்கிறார். "பிரேக் போவுதுன்னு லைட்டு எதுனா எரிஞ்சிதாப்பா?" "ஒண்ணும் எரியலங்க." காரின் திரையில் பச்சை எழுத்து அப்படியே நிற்கிறது: அடுத்த சர்வீசுக்கு இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர். சமவெளியில் ஓடியதையும் மலை இறங்கியதையும் அது ஒன்றாகவே எண்ணியிருக்கிறது. அவளைத் தூக்குவதற்காகக் கண்டக்டர் பெல்ட்டை விடுவிக்கிறார். உடனே டிங், டிங் என்று கார் கத்தத் தொடங்குகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று திரை சிவக்கிறது. வெற்றிவேல் பெல்ட்டை இழுத்து, அவளுக்கு மறுபடியும் மாட்டிவிடுகிறான். சத்தம் நின்றுவிடுகிறது.