பீரோ சொன்ன நியாயம்

அநியாயம் நடந்தது ஒரு வைரத்தோட்டுக்கு. பதினோரு வருஷமாக அதைப் பீரோவில் அந்துருண்டைகளோடு பூட்டி வைத்துவிட்டு, கல்யாணங்களுக்கெல்லாம் கவரிங் தோட்டையே அனுப்பினார்கள். போய்வந்த கவரிங், பாயசம் எப்படி, நாதஸ்வரம் எப்படி என்று கதை வேறு அளக்கும்.

மறுநாளும் ஒரு கல்யாணம். வைரத்தோடு கெஞ்சியது: "பீரோ அண்ணே, நாளைக்காவது என்னை வெளியே விடுங்களேன்."

"வெளியே திருடன் சுத்துறானே, என் தங்கமே!"

"தங்கமில்லை, வைரம். சரி, தப்பு பண்றது யாரு?"

"அவன்தான். அதிலென்ன சந்தேகம்?"

"அப்போ அவனை உள்ளே வச்சுப் பூட்டுங்க. நான் கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றேன்."

பீரோ கதவு அதிரச் சிரித்தது. "நல்லாக் கேட்டே போ! பூட்டி வைக்கிற அளவுக்கு அவனுக்கு என்னம்மா மதிப்பு இருக்கு?"