ஐந்தாவது குரல்

“நாலு குரலுக்குத்தான் நான் சுரம் எழுதிக் குடுத்தேன். அஞ்சாவதா ஒண்ணு கேக்குது. யாருடா அது?”

குழுவை நடத்தும் மரோலோப் செல்போனை உயர்த்திப் பிடித்தான். சற்றுமுன் பதிவு செய்த நன்றிப் பாட்டு அதிலிருந்து ஒலித்தது. ஏரி நடுவிலிருக்கும் சாமோசிர் தீவின் அந்தச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில், குரலுக்கு இரண்டு பேராக நிற்கும் ஆண்கள் பாடகர் குழுவின் எட்டுப் பேரும் தலையைக் குனிந்தபடி கேட்டார்கள். இரண்டாம் அடியில், எழுதப்படாத ஒரு குரல் மெல்ல நுழைந்து கூடவே போயிற்று.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே மச்சான்,” என்றான் பிஸ்தோக். மரோலோப்பின் இறந்துபோன மனைவி தியோதோருக்கு அவன் தம்பி.

“காதுல என்ன, புளிச்ச கள்ளை ஊத்தி அடைச்சு வெச்சிருக்கியா?”

யாரோ சிரித்தார்கள். மரோலோப் மேசையில் அறைந்தான்.

“சிரிங்க! ஞாயித்துக்கிழமை விழாவுக்கு ஏரிக்கரைச் சபை அத்தனையும் வருது. அங்க போயும் இப்படித்தான் மானத்தை வாங்குவீங்க. இன்னைக்கு அந்த ஆள் யாருன்னு தெரியலைன்னா, சுரத்தாளைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் இந்தப் படியை மிதிக்கவே மாட்டேன்.”

சிரிப்பு நின்றது. வெறும் மிரட்டல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், தியோதோரைப் புதைத்த அன்றே அவன் கோயிலை விட்டிருப்பான். போதகர்தான் கெஞ்சிப் பிடித்து வைத்தார். “நின்னு கை ஆட்டிப் பாட வெக்கறேன். அதுக்கு மேல அவருக்கு எங்கிட்டேருந்து ஒண்ணும் கிடையாது,” என்று கூரைக்கு மேலே கையைக் காட்டிச் சொல்லியிருந்தான்.

மரோலோப் படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவன். இன்ஜினில் எந்த சிலிண்டர் தட்டிச் சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்ஜின் ஓடும்போதே, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் குழாயின் திருகை ஒன்று மாற்றி ஒன்றாகத் தளர்த்த வேண்டும். எதைத் தளர்த்தும்போது தட்டல் நிற்கிறதோ, கோளாறு அதில்தான்.

“ஒவ்வொருத்தரா வாயை மூடுங்க. மத்தவங்க பாடணும். முதல்ல பிஸ்தோக்.”

செல்போனைத் தன் முன்னால் வைத்துக் கை அசைத்தான். பாடி முடிந்ததும் போட்டுக் கேட்டான். அந்தக் குரல் இருந்தது. அடுத்தவரை நிறுத்தினான். அப்போதும் இருந்தது. எட்டுப் பேரையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. எட்டு முறையும் இருந்தது.

“அப்ப ரெண்டு பேர் சேர்ந்து பண்றீங்க. ஒருத்தன் நிறுத்தினா இன்னொருத்தன் பாடறான். மாமா, நீங்களுமா கூட்டு?”

மூத்தவரான ஹுமாலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நம்ம ஆளுங்க வாய் சும்மா இருக்காதேப்பா. பாட்டுல ஓர் இடம் காலியா இருந்தா, அதுவாப் போய் உக்காந்துக்கும். கள்ளுக்கடையில நீ பாத்ததில்லையா?”

“இது கள்ளுக்கடை இல்லை!”

“நல்லாத்தானே இருக்கு? கர்த்தர் கேட்டுச் சந்தோஷப்பட்டுட்டுப் போறார்.”

“சந்தோஷமா? அவருக்கா?” மரோலோப்பின் கழுத்து நரம்பு புடைத்தது. “முப்பத்தொம்பது வயசுல அவளைப் பிடுங்கிட்டுப் போனாரே, அப்ப பட்ட சந்தோஷம் பத்தலையாமா? பாடுங்க! எப்படியோ பாடித் தொலைங்க!”

தாளை விசிறியடித்துவிட்டு வெளியே போனான். ஜன்னலோர மாமரத்தடியில் மூச்சு வாங்க நின்றான்.

உள்ளே பாட்டு தொடங்கியது. இரண்டாம் அடி வந்தது. மரோலோப் காதைத் தீட்டினான்.

நாலே குரல். சுத்தமாக.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். எட்டு வாய்களும் திறந்திருந்தன. ஒருவர்கூட நிறுத்தவில்லை. எட்டும் ஓடுகிறது, தட்டல் மட்டும் எங்கே போயிற்று? அவனுக்குப் பிடிபடவில்லை. தேவ அன்பைச் சொல்லும் மூன்றாம் அடி வந்தது. ஏரிக்கரையில் துணி அலசும்போது தியோதோர் விடாமல் பாடிய அடி.

அந்தக் குரல் மறுபடியும் வந்தது. உள்ளேயிருந்து அல்ல, மிக அருகிலிருந்து.

திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. குழம்பிப்போய்க் கழுத்தைத் தடவினான். விரல்களுக்குக் கீழே தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் குரல்தான். ஆனால் அதில் கோபமே இல்லை. தாயிடம் ஓடுகிற பிள்ளையைப் போல அத்தனை சந்தோஷமாக இருந்தது.

ஜன்னலில் பிஸ்தோக்கின் முகம் தெரிந்தது.

“நிறுத்திடாத மச்சான்! நாலு மாசமா நீதான்னு எட்டுப் பேருக்கும் தெரியும். சொன்னா வாயை மூடிக்குவேன்னு பயந்துதான், ஒண்ணும் கேக்கலைன்னு பொய் சொன்னோம். ஞாயித்துக்கிழமை ஹுமாலா மாமா கை ஆட்டட்டும், நீ எங்க வரிசையில நின்னு பாடு, அஞ்சாவது குரலையும் தாள்ல எழுதிடலாம், பாட்டு சரியாயிடும்.”