ஐந்து தோட்டா

"துப்பாக்கி வெடிக்கலை. அதனால காட்டுப்பன்னியத் திட்டியே காட்டைவிட்டுத் துரத்திட்டேன்!" என்றார் தொமினிக். உழவர்கரை வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய தங்கை மகன் தியரி, பிரான்சுக்குத் திரும்பியதும் முதன்முதலாகப் பன்றி வேட்டைக்குப் போகிறான். குழல் மாற்றிக்கொள்ளும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியா, தாழ்ப்பாளை இழுத்துச் சுடும் ஐந்து தோட்டா ரைஃபிளா, எதை வாங்குவது என்று கேட்டிருந்தான்.

"ஒத்தைத் தோட்டாதான்டா. காடைக்கு ஒரு குழல், பன்னிக்கு ஒரு குழல்" என்றார் தொமினிக்.

"காடைக் குழலை மாட்டிக்கிட்டு, பன்னித் தோட்டாவைக் கொண்டுபோன ஆளுதானே நீங்க, மச்சான்!" என்று மடக்கினார் தியரியின் அப்பா ரஃபாயேல். "இவரு திட்டினாராம், அது ஓடிச்சாம்! ரைஃபிளை வாங்குடா. அஞ்சு தோட்டா இருந்தா எமனே வந்தாலும் பயமில்லை."

"சரி பப்பா. அதை நம்பித் தனியாவே போறேன்." ரைஃபிளை ஆர்டர் செய்யத் தியரி கைப்பேசியை எடுத்தான்.

ரஃபாயேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். மகனைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். 

"நில்லுடா! தனியாப் போவாத. மாமா சொன்னது நெசம்தான். அப்ப நான் மரத்து மேல இருந்தேன். என் ரைஃபிள்ல இருந்த அஞ்சையும் சுட்டுட்டேன், ஒண்ணுகூடப் பன்னி மேல படலை. அவரு திட்டின திட்டுக்கு, எறங்க முடிஞ்சிருந்தா நானும் பன்னி பின்னாடியே ஓடியிருப்பேன்!"