பிரேக்கில் கை வைத்தவன்

"எந்த முட்டாள் இதுல கை வச்சான்?"

பின்சக்கரத்தைக் கழற்றியதுமே மெக்கானிக்குக்குக் கொதித்துவிட்டது. கார்க்காரர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"பட்டனை அமுக்கினா பிடிக்கிற பார்க்கிங் பிரேக் சார் இது. உள்ள மோட்டார் இருக்கு. பிரேக் பேடு மாத்தறதுக்கு முன்னால சர்வீஸ் மோடுல போட்டாத்தான் மோட்டார் விலகி வழிவிடும். அந்தப் படுபாவி எடுத்த எடுப்பிலேயே கிளாம்பு போட்டு நெரிச்சு, மோட்டாரையே காலி பண்ணிட்டான்!"

"நான்தான் மாத்தினேன்."

"நீங்களா? தெரியாத வேலையில எதுக்கு சார் தலையிடறீங்க? மேட்டுல நிறுத்தின வண்டி உருண்டு யார் மேலயாவது ஏறியிருந்தா?"

"வீடியோ பார்த்துத்தான் செஞ்சேன். அதுல வந்தபடியே செஞ்சேன்."

"எவன் போட்ட வீடியோ? அவனை என் முன்னால நிறுத்துங்க, செருப்பால அடிக்கிறேன்!"

கார்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு போனை நீட்டினார்.

திரையில் இதே ஷெட். சிரித்த முகமாகக் கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தது சாட்சாத் இதே மெக்கானிக்.

பார்ப்பவர்களுக்குப் போரடிக்கும் என்று சர்வீஸ் மோடு பகுதியைத் தானே வெட்டி எறிந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இப்ப சொல்லுங்க," என்றார் கார்க்காரர். "உங்க செருப்பா, என் செருப்பா?"