நீலக் கிண்ணத்தில் சாம்பல்

கதவைத் திறந்ததுமே டோன்காவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. சிகரெட்!

பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஹாலுக்குப் போனாள்.

சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஆஷ்ட்ரே. பித்தளை, பீங்கான், கண்ணாடி, எப்போதோ மூடிப்போன ஹோட்டல்களின் பெயர் பொறித்தவை என்று நூற்று நாற்பது. அவள் கணவர் லூபென், ரூசே நகரத்துப் பழம்பொருள் சந்தையில் ஞாயிறு ஞாயிறாகத் தேடிப் பிடித்தவை. நடு மேஜையில் மட்டும் ஒன்றே ஒன்று இருக்கும். போருக்கு முன்னால் டான்யூப் நதியில் ஓடிய பயணிகள் கப்பலிலிருந்து வந்த நீலக் கண்ணாடிக் கிண்ணம்.

அதில் சாம்பல். சாம்பலுக்கு நடுவே நசுக்கிய துண்டுகள் இரண்டு.

லூபென் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி சாயங்கால ரயிலில் வருவாள் என்று நினைத்திருந்தார். மத்தியானமே வந்து நிற்கிறாள்.

"என்ன இது?"

"ஆஷ்ட்ரே."

"அது தெரியுது. உள்ள?"

"சாம்பல்."

"யாரு ஊதினது?"

பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது. "நான்தான்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

டோன்கா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம்! மாரடைப்பு வந்து, இரண்டு ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, 'இனிமே தொடமாட்டேன்' என்று சொன்ன மனுஷன்.

"நாலே நாள் மக வீட்டுக்குப் போனேன். சின்னப் பிள்ளையா நீங்க, பக்கத்துலயே காவல் இருக்கறதுக்கு?"

லூபென் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"புத்தாண்டு அன்னிக்கு என் தம்பி இதே கிண்ணத்துல ஒரு தட்டு தட்டப் போனான். சிகரெட்டைப் பிடுங்கி, பனி கொட்டுற பால்கனிக்குத் துரத்தினீங்க. 'இது பார்க்கறதுக்கு வச்சிருக்கேன், உன் சாம்பலைக் கொட்டறதுக்கில்ல'ன்னு. அவன் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஊருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?"

"தப்புதான் டோன்கா."

"சிகரெட் யாரு குடுத்தது? பேரைச் சொல்லுங்க. போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்."

"யாரும் குடுக்கல. நானே வாங்கினேன்."

"பாக்கெட் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

டோன்கா மகளுக்கு போன் போட்டு, அவர் காதில் விழும்படி, "உங்கப்பன் லட்சணத்தைக் கேளு" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினாள். அதன்பிறகு லூபெனுக்கு பீன்ஸ் சூப் வந்தது, ரொட்டி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் படியிறங்கியவள், இரண்டாம் மாடித் திருப்பத்தில் ராங்கேலிடம் மாட்டிக்கொண்டாள்.

ராங்கேல் கீழ் வீட்டுக்காரர். மனைவி மிலெனா இறந்து நாற்பத்தோரு நாள் ஆகிறது. டோன்கா அடக்கத்துக்குப் போய்வந்ததோடு சரி. அதற்கப்புறம் அந்த மனுஷனிடம் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. படியில் அவர் காலடி கேட்டால், அது அடங்கும்வரை கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொள்வாள். இன்றைக்குத் தப்ப வழியில்லை.

"வந்துட்டீங்களா டோன்காம்மா! உங்க வீட்டுக்காரருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எதுக்கு?"

"நேத்து மிலெனாவுக்கு நாப்பதாம் நாள். வழக்கப்படி கோதுமையை வேகவச்சு, சர்க்கரை போட்டு, வீடு வீடா ஏறிக் குடுத்தேன். எல்லாரும் வாசல்லயே வாங்கிக்கிட்டாங்க. 'கடவுள் அவளை மன்னிக்கட்டும்'னாங்க, கதவைச் சாத்திட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லக்கூடாது, என்கிட்ட என்னதான் பேசுவாங்க? லூபென் மட்டும்தான் உள்ள கூப்பிட்டு உக்காரவச்சார்."

டோன்கா பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"என்னையறியாம ஒரு சிகரெட்டைப் பத்தவச்சு, எதிர்ல இருந்த நீலக் கிண்ணத்துல தட்டிட்டேன். அப்புறம்தான் சுத்திப் பார்க்கிறேன், அத்தனையும் பளபளன்னு துடைச்சு வச்சிருக்கு! பதறி எழுந்துட்டேன். அவரு என் தோளை அமுக்கி உக்காரவச்சார். என் பாக்கெட்லேருந்து ஒண்ணை உருவிப் பத்தவச்சு, அதே கிண்ணத்துல தட்டினார். 'இதுக்குத்தானே வாங்கி வச்சிருக்கேன். நீங்க சொல்லுங்க, மிலெனா கடைசியா என்ன சொன்னா?'ன்னு கேட்டார்."

ராங்கேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது நாள்ல அவளைப் பத்தி என்கிட்ட கேட்ட முதல் ஆள் அவர்தான். ரெண்டு மணி நேரம் பேசினேன். அவரும் ஊதுவார்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க. ஆனா அந்த ஒண்ணுக்கே அப்படி ஒரு இருமல்!"

டோன்கா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா... எப்பவாவது ஊதுவார்" என்றாள்.

"உங்களுக்கும் நன்றி டோன்காம்மா."

"எனக்கா? நான் என்ன செஞ்சேன்?"

"அவர்தான் சொல்லிட்டாரே! ஊருக்குக் கிளம்பும்போது நீங்கதான் படிச்சுப் படிச்சுச் சொன்னீங்களாமே, 'நாப்பதாம் நாளன்னிக்கு ராங்கேலைத் தனியா விட்டுடாதீங்க'ன்னு!"